மண்ணுக்குள் வாழும் துணைவர்

(சின்னமனூரில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மண்ணிலுள்ள சத்துக்களும், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும், பயிருக்கு நேரும் இடுக்கண்களை அது தாங்கி நிற்பதற்கு எங்ஙனம் துணை செய்கின்றன என்பதே இன்று எனக்கு அளிக்கப்பட்ட விஷயம். நான் பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லேன். நாற்பது ஆண்டுகளாக நெல் வயலிலும் வாழைத் தோட்டத்திலும் காலூன்றி நின்ற ஒரு குடியானவன். படித்தறிந்தோர் கூறுவதைக் கேட்டும், அவர்கள் எழுதியவற்றைப் பிறர் உதவியால் படித்தும், என் நிலத்தில் செய்து பார்த்தும் அறிந்துகொண்டவற்றையே உங்கள் முன் வைக்கிறேன். இவ்விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு வேறொரு கடமையும் உண்டு. அது யாதென்பது பேச்சின் பிற்பகுதியில் விளங்கும்.

நமது கம்பம் பள்ளத்தாக்கின் செழிப்பைக் கண்டு மற்ற ஜில்லாக்காரர் வியப்பதுண்டு. மேற்கே மலைத்தொடர் நின்று தென்மேற்குப் பருவ மழையின் பெரும்பகுதியைத் தன் மறுபுறத்திலேயே வாங்கிக்கொள்கிறது. நமக்கு வந்து சேருவது காற்றும் தூறலுமே. அப்படிப்பட்ட பூமியில் 1895ஆம் ஆண்டில் பென்னிகுவிக் துரையவர்கள் கட்டி முடித்த அணையினின்றும் மலையைக் குடைந்து முல்லைப் பெரியாற்று நீர் வந்து பாய்ந்தது. கூடலூர் முதல் கீழ்நோக்கி 14,707 ஏக்கர் நிலம் இருபோக நன்செய் ஆயிற்று. நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் நம் வீடுகளில் விளக்கேற்றின. நம் பிள்ளைகள் கல்வி கற்றதும், நம் பெண்களுக்கு நகை செய்து போட்டதும் இந்நீரைக் கொண்டே என்றால் அது மிகையன்று.

ஆனால் நீர் வந்த நாள் முதலாக நம்மிடம் ஒரு தவறான எண்ணமும் குடிபுகுந்தது. நீர் இருந்தால் போதும், மற்றவை தாமே வந்துசேரும் என்று நம்பலானோம். 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழகமெங்கும் பொய்த்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வைகை அணையில் எஞ்சியிருந்த நீர் வெயிலில் ஆவியாகாதிருக்கும் பொருட்டு, வெண்ணிறத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி நீரின்மேல் மிதக்கவிட்டார்கள். சிறிது நேரத்திற்கெல்லாம் காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டது. அதைக் குறித்து நாடெங்கும் நகைத்தார்கள். நாமும் நகைத்தோம். எனினும் அன்று நம் வயல்களைப் பார்த்தவர் எவரேனும் உண்டா? வைக்கோலையும் வாழைச் சருகையும் தீயிட்டு, மண்ணை வெறுமையாக்கி, சித்திரை வெயிலுக்கு விட்டிருந்தோமே, அது எவ்வகையில் மேலானது? அணையிலுள்ள நீரை மூடுவது அரிது. மண்ணிலுள்ள நீரை மூடுவது ஒவ்வொரு குடியானவனுக்கும் எளிது. ஒரு சாண் சருகு போதும்.

பயிரின் இடுக்கண்

மாட்டுக்கு வெயில் பட்டால் நிழலுக்குப் போகும். மனிதனுக்குப் பஞ்சம் வந்தால் ஊர் விட்டு ஊர் போவான். பயிரோ நட்ட இடத்திலேயே நின்று அனைத்தையும் ஏற்றாக வேண்டும். வறட்சி, வெப்பம், வெள்ளம், உப்பு, ஆனி ஆடி மாதங்களில் மலைக் கணவாய் வழியே வீசி வாழையைச் சாய்க்கும் காற்று, இவற்றிற்கு மேல் பூச்சியும் நோயும், இவை யாவும் அதன் இடுக்கண்கள். ஓட இயலாத ஒன்று பிழைப்பதற்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, தன் உடம்பைத் திடமாக வைத்துக்கொள்ளுதல். மற்றொன்று, நல்ல துணைவர்களைச் சேர்த்துக்கொள்ளுதல். முதலாவது சத்துக்களால் ஆவது. இரண்டாவது நுண்ணுயிர்களால் ஆவது.

சத்துக்களின் காவல்

தழைச்சத்தை நாம் யாவரும் அறிவோம். யூரியா மூட்டையை அவிழ்த்து வீசினால் நாலு நாளில் பயிர் கறுத்து எழும்புகிறது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் இலை மெத்தென்றாகி, தண்டு நீண்டு இளகி, குலைநோய்க்கும் புகையானுக்கும் தானே விருந்தாகிறது. காற்றடித்தால் கதிர் சாய்கிறது. கொழுத்த உடம்பு வேறு, வலுத்த உடம்பு வேறு என்பதை நாம் நம் குழந்தைகளிடத்தில் அறிந்திருந்தும் பயிரிடத்தில் மறந்துவிடுகிறோம்.

வலுவைத் தருவதில் முதலாவதாக நிற்பது சாம்பல் சத்து. இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத வாயில்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் வழியாகவே பயிர் மூச்சு விடுகிறது, நீரையும் ஆவியாக வெளிவிடுகிறது. அவ்வாயில்களைத் திறந்து மூடும் காவலாளி சாம்பல் சத்தே. வறட்சிக் காலத்தில் இச்சத்துப் போதியதாக இருக்கும் பயிர் உரிய காலத்தில் கதவைச் சாத்தி நீரைச் சேமிக்கும். இல்லாத பயிரில் கதவு சரிவர மூடுவதில்லை. நீர் வீணே போகிறது. மேலும், வேர் தன்னுள் நீரை இழுத்து நிறுத்திக்கொள்ளும் ஆற்றலும் பெரும்பாலும் இச்சத்தினாலேயே வருகிறது. வாழைக்கு இது எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். தோட்டக்கால் வாழைக்கு, நேந்திரன் நீங்கலாக மற்ற வகைகளில், மரம் ஒன்றுக்கு ஆண்டொன்றில் 110 கிராம் தழைச்சத்தும், 35 கிராம் மணிச்சத்தும், 330 கிராம் சாம்பல் சத்தும் இடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறுகின்றனர். அதாவது தழைச்சத்தைப்போல் மும்மடங்கு. நம்மில் எத்தனை பேர் இக்கணக்கில் இடுகிறோம் என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம்.

நெல்லுக்கு வருவோம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தின் பெரும்பகுதி மணியில் சேருவதில்லை, வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. இலையை நிமிர்த்திக் கத்திபோல் நிறுத்துவதும், குலைநோய்ப் பூசணம் எளிதில் துளைக்கவொட்டாமல் தடுப்பதும் மணல் சத்து என்று கூறப்படும் சிலிக்கா. அதுவும் வைக்கோலிலேயே மிகுதி. ஆகையால் ஆண்டுக்கு இருமுறை வைக்கோலை வயலைவிட்டு வெளியேற்றி, அதற்கீடாக ஒன்றும் திருப்பிக் கொடாதவன் தன் நிலத்தின் காவலையும் கவசத்தையும் சேர்த்தே விற்கிறான். எரிப்பவனோ தழைச்சத்து முழுவதையும் ஏறக்குறைய புகையாக்கிவிடுகிறான்.

சுண்ணாம்புச் சத்து செல்களின் சுவரைக் கட்டும் சாந்து. துத்தநாகச் சத்து சிறிதளவே வேண்டுவதாயினும், அது குறைந்தால் நாற்று நட்ட இரண்டொரு வாரங்களில் இலை துருப்பிடித்தாற்போல் பழுப்பேறிப் பயிர் குன்றிவிடும். வட இந்தியாவில் நெல்லைத் தாக்கி வந்த இக்குறையை நோயென்றே பலரும் எண்ணியிருந்தனர். அது துத்தநாகக் குறையே என்று 1966ஆம் ஆண்டில் பந்த்நகரில் நேனே என்னும் அறிஞர் கண்டு கூறினார். மருந்து தெளித்துப் பயனில்லாத இடத்தில் ஒரு பிடிச் சத்து வயலைக் காப்பாற்றியது. நோய் எது, பசி எது என்று பிரித்தறிவது எவ்வளவு அவசியம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மண்ணில் ஒரு ஊர்

இனி, துணைவர்களைப் பற்றிக் கூறுகிறேன். ஒரு கைப்பிடி நல்ல மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள் வாழ்கின்றன. கிருமி என்றவுடனே நமக்கு நோயின் ஞாபகம் வருகிறது. ஆனால் பாலைத் தயிராக்குவதும், மாவைப் புளிக்கச் செய்து இட்லியைப் பூப்போல் ஆக்குவதும் கிருமிகளே அல்லவா? மண்ணிலும் அவ்வாறே நல்லோர் மிகுதி, தீயோர் சிலர்.

வேருக்கும் இவ்வுயிர்களுக்கும் உள்ள உறவு கொடுக்கல் வாங்கல் உறவு. பயிர் வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேரின் வழியே மண்ணில் கசியவிடுகிறது. அவ்விருந்தை நாடி நுண்ணுயிர்கள் வேரைச் சூழ்கின்றன. உண்டதற்குக் கைம்மாறாகப் பயிருக்கு வேண்டியதைச் செய்கின்றன. வேரைச் சுற்றியுள்ள இச்சிறு மண்டலத்திற்கு 1904ஆம் ஆண்டிலேயே ஹில்ட்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர் தனிப்பெயர் சூட்டி, பயிரின் நலம் அங்கே உள்ளது என்று எடுத்துக் காட்டினார்.

இத்துணைவர்களில் முக்கியமானவர் சிலரை மட்டும் அறிமுகப்படுத்துகிறேன். உளுந்து, தட்டைப்பயறு, சணப்பு முதலியவற்றின் வேரில் காணும் முடிச்சுக்களில் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கித் தருகிறது. 1886ஆம் ஆண்டில் ஹெல்ரீகல் என்பார் இதனை நிரூபிக்குமுன்பே நம் முன்னோர் நெல்லுக்குப் பின் பயறு விதைத்தனர். காரணம் அவர்களுக்குத் தெரியாது, பயன் தெரியும். அசோஸ்பைரில்லம் என்பது முடிச்சுக் கட்டாமலே நெல், கரும்பு, வாழை முதலியவற்றின் வேரோரத்தில் வாழ்வது. அது தழைச்சத்தைத் தருவதோடு வேர்த்தூவிகளைப் பெருகச் செய்யும் பொருள்களையும் சுரக்கிறது. வேர் பெருகினால் வறட்சியில் நீர் தேடும் கைகள் பெருகின என்பது பொருள். பாஸ்போபாக்டீரியா என்பது மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை அமிலத்தால் கரைத்து விடுவிக்கிறது.

இவர்களினும் பழமையான துணைவர் வேர்ப் பூசணம். மைக்கோரைசா என்று 1885ஆம் ஆண்டில் ஃபிராங்க் என்பார் இவ்வுறவுக்குப் பெயரிட்டார். செடிகள் முதன்முதலில் தரையேறிய காலத்து, நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைபடிவங்களிலும் இதன் சுவடு காணப்படுகிறது. இப்பூசணத்தின் இழைகள் வேர்த்தூவியினும் மெல்லியவை. வேர் நுழைய மாட்டாத மண் இடுக்குகளில் அவை நுழைந்து, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் ஈரத்தையும் கொணர்ந்து சேர்க்கின்றன. மண் துகள்களைப் பிணைத்துப் பொலபொலவென்று ஆக்குவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. பொலபொலப்பான மண் பெய்த மழையை உள்வாங்கும், இறுகிய மண் வழியவிடும்.

இன்னொரு நுட்பமான உதவியும் உண்டு. வறட்சியோ உப்போ தாக்கும்பொழுது பயிர் தன்னுள் எத்திலீன் என்னும் வாயுவை மிகுதியாக உண்டாக்குகிறது. அது அபாய அறிவிப்புப் போன்றது. அறிவிப்பு அளவோடு நின்றால் நன்று. மிஞ்சினாலோ வேர் வளர்ச்சி நின்று இலை பழுத்து உதிரும். வேரோரத்தில் வாழும் சில நுண்ணுயிர்கள் அவ்வாயு பிறப்பதற்குரிய மூலப்பொருளையே உண்டு குறைத்துவிடுகின்றன. அதனால் பயிரின் பதற்றம் தணிகிறது, வேர் தொடர்ந்து வளர்கிறது. துன்பகாலத்தில் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் "பதறாதே, வேலையைப் பார்" என்று சொல்லுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

வாடல் நோயும் என் குற்றமும்

நமது பள்ளத்தாக்கில் இவ்விஷயம் வெறும் படிப்பாக நிற்கவில்லை. வாழை வாடல் நோயின் வடிவில் நம் வாயிற்படிக்கே வந்துள்ளது. பனாமா வாடல் என்று சொல்லப்படும் இந்நோய் பியூசேரியம் என்னும் மண் பூசணத்தால் வருவது. சென்ற நூற்றாண்டில் மத்திய அமெரிக்காவில் கிரோ மிஷேல் என்னும் வாழை வகையையே வாணிபத்தைவிட்டு இது ஒழித்துவிட்டது. அதன் பின்னரே அந்நோயின் முதலாம் இனத்தைத் தாங்கும் காவண்டிஷ் வகைகள் உலகெங்கும் பரவின. நாம் ஜி-9 என்று நடுவதும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் அந்த முதலாம் இனத்துப் பூசணமே காவண்டிஷ் வாழையையும் வாட்டுகிறது என்பதைத் திருச்சிராப்பள்ளி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தார் நமது தேனி ஜில்லாவிலேயே கண்டு 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதனினும் கொடிய வேறோர் இனம் பிற்காலத்தில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் காணப்பட்டது.

இப்பூசணம் வேரின் வழியே புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. காலடியில் வாய்க்கால் நிறைய நீர் ஓடும். மரமோ தாகத்தால் சாகும். முதலில் கீழ் இலைகளின் ஓரம் மஞ்சளாகும். பின்னர் அவை ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். அடித்தண்டு பிளக்கும். கிழங்கை அறுத்துப் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் கோடுகளும் வளையங்களும் தென்படும். மரம் செத்த பின்னும் இதன் வித்துக்கள் மண்ணில் இருபது முப்பது ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். கன்றோடும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும், வாய்க்கால் நீரோடும் அது ஊர் விட்டு ஊர் போகும்.

இப்பொழுது என் கடமையைச் செலுத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தோட்டத்தில் நாலைந்து மரங்கள் மஞ்சளாயின. உரக் குறையென்று முதலில் எண்ணினேன். பின்பு ஒரு கிழங்கை அறுத்துப் பார்த்தேன். செம்பழுப்புக் கோடுகளைக் கண்டேன். அறிந்தும் வாய் திறக்கவில்லை. தார் வெட்டும் வியாபாரி கேள்விப்பட்டால் விலையைக் குறைப்பார் என்று அஞ்சினேன். அக்கம்பக்கத்தார் ஏசுவார்களே என்று வெட்கினேன். அந்த மாதத்திலேயே என் மைத்துனர், "உங்கள் தோட்டத்துக் கன்று நல்ல வாகு, எனக்கு வேண்டும்" என்று கேட்டார். பார்வைக்கு நன்றாயிருந்த பக்கத்துக் கன்றுகளைப் பெயர்த்து நானே வண்டியில் ஏற்றிவிட்டேன். அடுத்த ஆண்டில் அவர் தோட்டத்தில் பாதி வாடியது. அதற்கடுத்த ஆண்டில் அங்கே வாழையே இல்லை. மகள் திருமணத்துக்கென்று வைத்திருந்த நகையை அவர் அடகு வைத்தார். எனக்குக் கீழே அதே வாய்க்காலில் பாய்ந்த இருவர் தோட்டங்களிலும் நோய் கண்டது. என் மைத்துனர் இச்சபையில்தான் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதி பெற்றே இதனைக் கூறுகிறேன். அவர் என்னை மன்னித்தார். மண் மன்னிக்கவில்லை.

துணைவரின் ஆற்றலும் எல்லையும்

அதன் பின்னரே நான் மண்ணின் உயிர்களைப் பற்றிக் கேட்டறியத் தொடங்கினேன். பியூசேரியத்தை எதிர்க்கும் உயிர்களும் அதே மண்ணில் உள்ளன. டிரைக்கோடெர்மா என்னும் பச்சை நிறப் பூசணம் தீய பூசணத்தின் இழைகளைச் சுற்றி வளைத்து, அவற்றின் சுவரைக் கரைத்து உண்கிறது. சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் வேரைப் போர்த்தியிருந்து, எதிரிக்கு வேண்டிய இரும்புச் சத்தை அவன் கைக்கு எட்டாமல் முன்னதாகவே பற்றிக்கொள்கிறது. பயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் அது எழுப்பிவிடுகிறது. திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்தார் வேரின் உள்ளே வாழும் டிரைக்கோடெர்மா ஒன்றையும், வேரைச் சூழ்ந்து வாழும் டிரைக்கோடெர்மா ஒன்றையும் சேர்த்து இட்டுச் சோதித்து, நோய் குறைவதையும் தாரின் எடை கூடுவதையும் கண்டனர். ஒருவர் வீட்டுக்குள்ளும் ஒருவர் வாயிலிலும் நின்று காப்பது போன்ற ஏற்பாடு அது.

எனினும் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். பொட்டலத்தை வாங்கி எறிந்தால் நோய் போய்விடும் என்று எண்ணுவது அறியாமை. இவை உயிர்கள், மருந்துகள் அல்ல. வெயிலில் கிடந்த பொட்டலத்திலும் காலாவதியான பொட்டலத்திலும் இருப்பது வெறும் பொடியே. உயிருள்ளதையே இட்டாலும், உண்ண உணவில்லாத மண்ணில் அது எங்ஙனம் வாழும்? பட்டினி கிடக்கும் வீட்டுக்குக் காவலாளி வைப்பது போலாகும். ஆகவே டிரைக்கோடெர்மாவை எக்டேருக்கு 2.5 கிலோ வீதம், 50 கிலோ நன்கு மக்கிய தொழுவுரத்தோடு கலந்து இடவேண்டும் என்கிறார்கள். வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்தல் நலம். அதே வேளையில் பூசணக்கொல்லி மருந்தை வேரில் ஊற்றினால், நாமே அழைத்த விருந்தாளியை நாமே கொன்றவர்களாவோம். நோய் முற்றிய தோட்டத்தை இவை மீட்டுத்தரா. நடும்பொழுதே இட்டு, முதல் சில மாதங்களில் மீண்டும் இட்டால் பெரிதும் காக்கும்.

நெல்லும் இதில் நமக்கு உதவும். நோய் கண்ட நன்செய்யில் வாழையை நிறுத்தி, நீர் தேக்கி நெல் நட்டால் இப்பூசணம் குறைகிறது. அடியோடு அழிவதில்லை, ஆனால் தணிகிறது. வாழைக்குப் பின் வாழை என்று ஓயாமல் நடும் வழக்கத்தை விட்டு, இடையில் நெல்லையும் தக்கைப்பூண்டையும் கொணர்வது நம் பள்ளத்தாக்குக்கு இயல்பாகவே வாய்த்த மருந்து.

திராட்சை பயிரிடுவோருக்கும் ஒரு சொல். கம்பம் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது நமக்கெல்லாம் பெருமை. ஆண்டு முழுவதும் கவாத்துச் செய்து கனி எடுப்பதனால் நாம் போர்டோ கலவையை அடிக்கடி தெளிக்கிறோம். அடிச்சாம்பல் நோய்க்கு அது வேண்டியதே. ஆயினும் அதிலுள்ள செம்பு மக்கி அழியும் பொருளன்று. ஆண்டுதோறும் சொட்டிச் சொட்டி மண்ணில் சேர்ந்து, மிகுந்தால் நல்ல நுண்ணுயிர்களுக்கும் மண்புழுவுக்கும் தீங்காகும். ஆதலால் அளவறிந்து தெளிப்பதும், தொழுவுரத்தை மிகுதியாக இட்டு மண்ணைத் தேற்றுவதும் கடமை.

நாம் செய்யத்தக்கவை

ரசாயன உரம் கூடாது என்று நான் கூறவில்லை. மண்ணில் இல்லாத சத்தை நுண்ணுயிர் உண்டாக்கித் தர இயலாது. காற்றிலுள்ள தழைச்சத்தை மட்டுமே அது கொணரும். சாம்பல் சத்தும் துத்தநாகமும் குறைந்தால் இட்டே தீரவேண்டும். மூட்டையை மட்டும் நம்பி எருக்குழியை மூடிவிட்டோமே, அதுவே குற்றம். ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் ஆங்கிலேயர் 1924ஆம் ஆண்டு முதல் இந்தூரில் இருந்து, நம் நாட்டுக் குடியானவர்களிடமும் கற்றுக்கொண்டு, குப்பையையும் சாணத்தையும் அடுக்கி மக்கவைக்கும் முறையை ஒழுங்குபடுத்தி உலகுக்குக் கொடுத்தார். இந்தூர் முறை என்றே அதற்குப் பெயர். உலகம் அதைக் கற்ற காலத்தில் நாம் மறந்துவிட்டோம். கோயமுத்தூரில் 1909ஆம் ஆண்டில் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் நூறாண்டு கடந்தும் நடைபெறுகிறது. நூறாண்டு ஒரே வயலைப் பார்க்க வேண்டிய காரணம் என்ன? மண் மெதுவாகவே கெடும், மெதுவாகவே தேறும். ஒரு போகத்தில் அதன் உண்மை தெரியாது.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்னும் பழமொழியை நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். மண்ணின் கணக்கைப் பாராதவனுக்கோ மண்ணே மிஞ்சாது. ஆகவே நம் சங்கத்தாருக்கு நான்கு விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு அங்கத்தினரும் தம் நிலத்து மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதன் முடிவுப்படியே உரமிடவேண்டும். படித்த நம் வாலிபர்கள் மண் எடுத்து அனுப்புவதையும், முடிவைப் பெரியவர்களுக்குப் படித்து விளக்குவதையும் தம் தொண்டாக ஏற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, வைக்கோலையும் சருகையும் வாழை மட்டையையும் எரித்தல் கூடாது. அவை மண்ணின் போர்வை, மண்ணுயிர்களின் உணவு. நோய் கண்ட மரத்தின் பகுதிகள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றை வாய்க்காலில் எறியாமலும் எருக்குழியில் சேர்க்காமலும் அங்கேயே அழித்துவிட வேண்டும்.

மூன்றாவது, கன்று வாங்குவோர் தோட்டத்தை நேரில் பார்த்து, கிழங்கை அறுத்துச் சோதித்தே வாங்கவேண்டும். உறவினர் தோட்டம் என்பது சோதனையிலிருந்து விலக்களிக்காது. இதனை என் அனுபவத்தால் சொல்லுகிறேன்.

நான்காவது, இதுவே எல்லாவற்றிலும் பெரிது. தோட்டத்தில் நோய் கண்டவர் அதை அன்றே அண்டை வயல்காரருக்கும் சங்கத்துக்கும் சொல்லிவிடவேண்டும். சொன்னவரை ஏசுவதோ எள்ளுவதோ இல்லை என்று நாம் இன்று இங்கே உறுதி செய்துகொள்வோமாக. அவருக்கு விலை குறைந்து நஷ்டம் வருமாயின், அடுத்த போகத்துக்கு விதையும் எருவும் கொடுத்துத் தாங்க நம் சங்க நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கலாகாதா என்று தலைவரவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பயமின்றிச் சொல்லக்கூடிய இடம் இருந்திருந்தால் நானும் அன்று சொல்லியிருப்பேன்.

சகோதரர்களே! இச்சபையை அமைத்த நம் முன்னோர், தனி மனிதன் தாங்க மாட்டாததைக் கூடி நின்றால் தாங்கலாம் என்று நம்பினார்கள். மண்ணுக்குள்ளும் அதுவே நடக்கிறது. வேர் தனியாக நின்று வறட்சியையும் நோயையும் வெல்வதில்லை. தான் உண்பதில் ஒரு பங்கைக் கொடுத்துத் துணைவர்களைச் சேர்த்துக்கொண்டே வெல்கிறது. கொடாத வேருக்குத் துணை இல்லை. நம் தாத்தாமார் நமக்கு நீர் பாயும் நிலத்தை விட்டுச் சென்றார்கள். நாம் நம் பேரர்களுக்கு உயிருள்ள மண்ணை விட்டுச் செல்வோமாக.

இதைச் சொல்ல எனக்கு இடங்கொடுத்த என் மைத்துனருக்கு என் வணக்கம்.